குடும்ப டாக்டர் இதயம் படித்த கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், ஹாஸ்டல் நினைவுகள் ஏகப்பட்டது வந்தாச்சு. மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டுமே நாலு கட்டுரை இருக்கு. நீங்க வேற ஏதாச்சும் எழுதுங்க" என்றார் ஆசிரியர் பொறுப்பிலிருக்கும் தம்பி. நாற்பது வருஷம் ஒரு சின்ன ஊரில் ஜெனரல் பிராக்டிஸ் செய்தவனிடம் வேறு என்ன இருக்கும்? நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நான் மறக்கவில்லை. அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

1989-ம் வருஷம். காலை ஆறு மணிக்கு ஒரு பஞ்சாலை மேஸ்திரியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வயது ஐம்பதுக்கு மேல். சட்டை முழுக்க வியர்வை. இடது நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். மாரடைப்பு என்று பார்த்தவுடன் தெரிந்தது. பி.பி. பார்த்தேன், லெட்டர் பேடை எடுத்தேன், 'மாரடைப்பாக இருக்கலாம், அனுமதிக்கவும்' என்று எழுதி, வாடகைக் காருக்குச் சொல்லி, 42 கிலோ மீட்டர் தள்ளியிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். பாதி வழி தாண்டியதும் ஒரு ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கேட் திறக்கும்போது அவர் இல்லை. அன்று சாயங்காலம் அவருடைய மச்சினர் வந்து, "நீங்க கரெக்டா கண்டுபிடிச்சீங்க டாக்டரய்யா, எங்க நேரம்தான் சரியில்ல" என்று கும்பிட்டு விட்டுப் போனார்.

என் மேஜை டிராயரில் ஆஸ்பிரின் மாத்திரை இருந்தது. தலைவலிக்காரர்களுக்குக் கொடுப்பது. அதை மென்று விழுங்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 'ஐசிஸ்-2' என்ற ஆய்வு 1988 ஆகஸ்டிலேயே 'லான்செட்' இதழில் வந்துவிட்டது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் அதில் இருந்தார்கள். ஒரு மாத ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரத்துக்குள் நிகழும் இதய, ரத்தக்குழாய் மரணங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றைத் தடுத்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியையும் சேர்த்துக் கொடுத்தால் நூற்றுக்கு 42 குறைந்தது. எனக்கு இது தெரிய வந்தது 1992-ல், ஒரு ஐ.எம்.ஏ. கூட்டத்தில், டின்னருக்கு முன்னால் காட்டிய ஒரு ஸ்லைடில். மேஸ்திரிக்கு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. கொடுக்காமல் அனுப்பினேன் என்பது மட்டும் நிச்சயம்.

நான் மக்கு மாணவன் இல்லை (என் பேட்ச் நண்பர்கள் சிரிக்க வேண்டாம்). ஃபைனல் தேர்வில் எனக்கு வந்த லாங் கேஸே மைட்ரல் ஸ்டெனோசிஸ்தான். முர்முரை விவரிப்பதில் பரிசோதகரே தலையாட்டினார். இதயத்துக்குள் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொல்லக் கற்றிருந்தோம். பெயர் சொன்ன பிறகு நம் கையால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம்தான் இல்லை. 'ரெஃபர் டு ஹையர் சென்டர்' என்பதோடு நம் பாடம் முடிந்துவிடும். இது எப்படி ஆயிற்று என்று ஓய்வு காலத்தில் தேடிப் படித்தேன். நான் நினைத்ததற்கு நேர் எதிரான கதை கிடைத்தது. இன்றைய இதய மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரே ஒரு குடும்ப டாக்டர்!

அவர் பெயர் ஜேம்ஸ் மெக்கன்சி. ஸ்காட்லாந்தில் 1853-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் மருந்துக் கடையில் வேலை பழகி, பிறகு எடின்பரோவில் 1878-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மறுவருஷம் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் பர்ன்லி என்ற ஊருக்கு வந்து பிராக்டிஸில் சேர்ந்தார். பர்ன்லி ஒரு பஞ்சாலை ஊர். நம் கோயம்புத்தூர், ராஜபாளையம் பக்கத்து டாக்டர்களுக்கு அந்தச் சூழ்நிலையை விளக்கத் தேவையில்லை. ஷிஃப்ட் சங்கு, இருமல், வீட்டுப் பிரசவம், ராத்திரி கதவைத் தட்டும் சத்தம்.

பிராக்டிஸ் தொடங்கிய புதிதில், இதய நோய் இருந்த ஒரு இளம் பெண் அவர் பொறுப்பில் இருந்த பிரசவத்திலேயே இறந்து போனாள். இப்படி நடக்கும் என்று மெக்கன்சிக்கு முன்கூட்டித் தெரியவில்லை. புத்தகங்களைப் புரட்டினார். எந்தக் கர்ப்பிணியின் இதயம் தாங்கும், எது தாங்காது என்று ஒன்றிலும் இல்லை. அங்கேதான் அவருடைய ஆராய்ச்சி பிறந்தது. என் மேஸ்திரியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்து விட்டேன். அவர் அந்தச் சாவிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். நான் மூணு வருஷம் சும்மா இருந்தேன்.

அவரிடம் லேபாரட்டரி கிடையாது. நோயாளிகள் இருந்தார்கள், அவர்களை வருஷக் கணக்கில் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. கைநாடியையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் ஒரே காகிதத்தில் ஒரே நேரத்தில் வரைகிற பாலிகிராஃப் என்ற கருவியை உருவாக்கினார். பிற்பாடு அதைச் சீர்செய்து மையால் எழுதும்படி ஆக்க உதவியவர் பக்கத்து ஊரான பாடிஹமில் இருந்த ஒரு கடிகாரக்காரர். விஞ்ஞானம் எங்கெல்லாம் நடந்திருக்கிறது பாருங்கள்! 1880-லிருந்து அவர் பார்த்து வந்த ஒரு பெண்மணிக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸ். ஏறக்குறைய பதினெட்டு வருஷம் கழித்து, 1898-ல், அவளுடைய நாடி திடீரென்று தாறுமாறாக ஆயிற்று. அதே சமயம் கழுத்துத் துடிப்பில் ஏட்ரியம் சுருங்குவதைக் காட்டும் அலை காணாமல் போயிருந்தது. முதல் நாளிலிருந்து பார்த்த டாக்டருக்குத்தான் இந்த மாற்றம் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் அவளைப் பார்ப்பவருக்கு அவள் எப்போதுமே அப்படித்தான் இருந்திருப்பாள். அவரிடம் பழகிய தாமஸ் லூயிஸ் என்ற இளைஞர், ஈ.சி.ஜி. வந்த பிறகு 1909-ல், இந்தத் தாறுமாறு நாடி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான் என்று காட்டினார். அந்த நாடிக்கு டிஜிட்டாலிஸ் ஏன் அத்தனை நன்றாக வேலை செய்கிறது என்பதும் தெளிவாயிற்று.

'நாடி பற்றிய ஆய்வு' என்ற அவருடைய புத்தகம் 1902-ல் வந்தது. 1907-ல் லண்டனுக்குப் போனார், 1908-ல் 'இதய நோய்கள்' எழுதினார், 1915-ல் சர் பட்டம், ராயல் சொசைட்டி உறுப்பினர் என்று எல்லா மரியாதையும் வந்தது. பேரும் புகழும் இருக்கட்டும். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்தான் நமக்கு முக்கியம். இதயம் எப்படிச் சத்தம் போடுகிறது என்று பார்க்காதே, அது தன் வேலையைச் செய்கிறதா என்று பார் என்றார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, முன்பு செய்த வேலையை இப்போதும் செய்ய முடிகிறதா என்று கேள் என்றார். ஒன்றுமில்லாத முர்முரையும் நடுவில் ஒரு துடிப்புத் தவறுவதையும் வைத்து ஆரோக்கியமானவர்களை ஆயுள் முழுக்கக் கட்டிலில் படுக்க வைத்த டாக்டர்கள் அந்தக் காலத்தில் நிறைய. அந்தப் பயத்தைப் போக்கியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

லண்டன் பெருமையெல்லாம் போதும் என்று ஸ்காட்லாந்து திரும்பி, 1919-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அங்கே குறிப்பு எழுதப் பிரியப்பட்டு வந்தவர்கள் உள்ளூர் ஜெனரல் பிராக்டிஷனர்கள். நோயின் ஆரம்பத்தைப் பார்ப்பவன் குடும்ப டாக்டர்தான், ஆஸ்பத்திரிக்குப் போவது அதன் முடிவு என்பது அவர் கட்சி. 1925 ஜனவரியில் அவரே ஆஞ்சைனாவால் இறந்தார். அவர் விருப்பப்படியே அவர் இதயத்தைப் பரிசோதித்து செயின்ட் ஆண்ட்ரூஸில் வைத்தார்கள்.

மெக்கன்சிக்குப் பிறகு காற்று மாறியது. ஈ.சி.ஜி. முதலில் ஒரு அறையை அடைக்கும் இயந்திரம், அது ஆஸ்பத்திரியில்தான் இருக்க முடியும். எக்ஸ்ரே, கதீட்டர், ஆபரேஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை எல்லாமே கட்டிடத்துக்குள்ளே வந்தவை. இதயமும் கூடவே உள்ளே போய்விட்டது, குடும்ப டாக்டர் வாசலில் நின்றார். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆபரேஷன் தியேட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு பிராக்டிஸுக்கு வர முடியாது.

நம் நாட்டில் இதற்கு வேறு ஒரு திருப்பமும் உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் எல்.எம்.பி. டாக்டர்கள் இருந்தார்கள். எம்.பி.பி.எஸ்.ஸை விடக் குறைந்த காலப் படிப்பு. நம் தாத்தா பாட்டிகளுக்கு ஊசி போட்டவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல் 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது இந்த மாற்றத்தின் ஒரு கட்டம். 1946-ல் போர் குழு தன் அறிக்கையில், இனி நாட்டுக்கு ஒரே தரத்தில் 'அடிப்படை டாக்டர்' போதும் என்று சொல்லி எல்.எம்.பி. படிப்பை நிறுத்தப் பரிந்துரைத்தது. குழுவிலேயே சிலர் ஒப்பவில்லை, மாற்றுக் கருத்து எழுதினார்கள். தரம் ஒன்றாக வேண்டும் என்ற நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் அடிப்படை டாக்டரை ஊரில் எப்படி வைத்துக்கொள்வது, பட்டம் வாங்கிய பிறகு யார் அவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பது காகிதத்தோடு நின்றது. எம்.பி.பி.எஸ். என்பது எம்.டி.க்கு ஒரு படிக்கட்டு என்றாயிற்று. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டவர்கள் ஜி.பி.க்கள்.

அப்படியிருந்தும் இரண்டு நல்ல ஆயுதங்கள் நம் கைக்கு வந்தன. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், சர்ப்பகந்தா வேரை 50 ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். கல்கத்தாவில் சென்னும் போஸும் 1931-லேயே இதைச் சொல்லியிருந்தார்கள் என்றாலும் உலகம் கவனித்தது வகீலைத்தான். அந்த வேரிலிருந்துதான் ரெசர்பின் வந்தது. அடெல்ஃபேன் மாத்திரை எழுதாத பழைய ஜி.பி. நம்மில் யாராவது உண்டா? மனச்சோர்வு வருகிறது என்று பிற்பாடு ஒதுக்கினோம்.

இன்னொன்று பெனிடியூர் ஊசி. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 21 நாளைக்கு ஒரு தரம் 12 லட்சம் யூனிட், வருஷக் கணக்கில். வால்வு மேலும் கெடாமல் இருக்க அதுதான் வழி. வலி தாங்காமல் பிள்ளைகள் என்னைத் தெருவில் கண்டாலே ஓடும். இதற்கு கார்டியாலஜிஸ்ட் தேவையில்லை, காலண்டரும் பொறுமையும் போதும். 'இந்த மாசம் ஊசி போட வரலையே' என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பும் ஒரு டாக்டர் வேண்டும். அலர்ஜி பயத்தில் பலர் இந்த ஊசியைத் தொடவே மாட்டோம் என்று விட்டுவிட்டதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பயத்தைச் சமாளிப்பதற்கும் யாரும் நமக்குப் பயிற்சி தரவில்லை.

சொல்லியனுப்பும் டாக்டர் என்றதும் ஜூலியன் டியூடர் ஹார்ட் நினைவுக்கு வருகிறார். 1961-ல் வேல்ஸ் நாட்டில் கிளின்கோருக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்குப் போனார். சுமார் 2,000 பேர் இருந்த ஊர். 1967-லும் 1970-லும் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள், உயர் ரத்த அழுத்தத்தை மாத்திரையால் குறைத்தால் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் குறைகிறது என்று காட்டின. சரி, ஆனால் பி.பி. இருப்பவனுக்கு வலியா காய்ச்சலா, அவன் எதற்காக டாக்டரிடம் வரப் போகிறான்? ஹார்ட் 1968-லிருந்து ஊரிலுள்ள பெரியவர்கள் அத்தனை பேருக்கும் பி.பி. பார்க்கக் கிளம்பினார். சளிக்கு வந்தாலும் பார்த்தார், வராதவர்களைத் தேடிப் பிடித்தார். கிட்டத்தட்ட ஊர் முழுக்கப் பார்த்து முடித்து, இருபத்தைந்து வருஷம் விடாமல் குறிப்பு எழுதினார். பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிட்டால் அவர் கிராமத்தில் அகால மரணங்கள் குறைவாக இருந்தன. யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் அவர் எழுதியது உலகப் பிரசித்தம். பி.எஸ்.எம். வகுப்பில் 'ரூல் ஆஃப் ஹாவ்ஸ்' எழுதியிருப்போமே, பி.பி. உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும், அதில் பாதிதான் மருந்து சாப்பிடுகிறது, அதிலும் பாதிதான் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று? அதை ஊர் ஊராகப் பேசிப் பரப்பியவர்களில் ஹார்ட்டும் ஒருவர். 2018-ல் காலமானார்.

என் மேஸ்திரியின் வழக்குக்கு நேர்ப் பதில் ஸ்காட்லாந்தில் கிடைத்தது. அபர்தீன் நகரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து குறைந்தது 16 மைல் தள்ளியிருந்த 29 கிராமப்புற பிராக்டிஸ்களில் ஒரு ஆய்வு நடத்தி 1992-ல் வெளியிட்டார்கள். மாரடைப்பு என்று சந்தேகப்பட்ட 311 பேர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சிலருக்குக் குடும்ப டாக்டர் வீட்டிலேயே போட்டார், மற்றவர்களுக்கு அதே ஊசி ஆஸ்பத்திரியில் போடப்பட்டது. வீட்டில் போட்டபோது வலி தொடங்கிச் சுமார் 101 நிமிஷத்தில் மருந்து உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் 240 நிமிஷம் ஆயிற்று. மூணு மாதத்தில் இறந்தவர்கள் வீட்டில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 8, மற்றவர்களில் நூற்றுக்கு 15.5. மருந்து ஒன்றுதான், டாக்டர் படிப்பும் நம் படிப்பு மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் கையில் ஊசியையும் மிஷினையும் கொடுத்து, 'போடு, நாங்க இருக்கோம்' என்று பின்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி நின்றது.

அந்தக் கடைசி விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் ஒரு முயற்சி அங்கேதான் சறுக்கியது. 2006-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்காக கிளினிக்கல் கார்டியாலஜியில் இரண்டு வருஷ டிப்ளமோ தொடங்கியது. இதய ஆஸ்பத்திரிகளிலேயே தங்கி முழுநேரப் பயிற்சி. எக்கோ பார்க்கவும், மாரடைப்பின் முதல் மணி நேரத்தைச் சமாளிக்கவும் ஊர்களுக்கு ஆள் வேண்டும் என்பது யோசனை. இந்திய மருத்துவக் கவுன்சில் அந்தப் பட்டத்தை அங்கீகரிக்கவில்லை. அரைகுறை கார்டியாலஜிஸ்ட்டுகளை உண்டாக்குகிறீர்கள் என்று ஒரு பக்கம், இருக்கிற டி.எம்.கள் நாட்டுக்கு எந்த மூலைக்குப் போதும் என்று இன்னொரு பக்கம். படித்து முடித்த பிள்ளைகள் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று தவித்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்பேன். ஆனால் பயிற்சி கொடுக்கும்போதே அதற்குப் பிறகு அவன் எங்கே நிற்பான் என்று முடிவு செய்யாதது பெரிய தப்பு. அதே காலகட்டத்தில் வேலூர் சி.எம்.சி., குடும்ப மருத்துவத்தில் தொலைதூரக் கல்வி டிப்ளமோ நடத்த ஆரம்பித்தது. அது யாரையும் கார்டியாலஜிஸ்ட் ஆக்கவில்லை. பிராக்டிஸை விட்டு வர முடியாத டாக்டருக்கு, தான் இருக்கிற நாற்காலியிலேயே இன்னும் நன்றாக வேலை செய்யக் கற்றுக்கொடுத்தது. என்னை விட இளைய நண்பர்கள் சிலர் அதில் சேர்ந்து, வெட்கமில்லாமல் மறுபடி ஈ.சி.ஜி. படித்தார்கள்.

பின்னால் நிற்கும் பெரிய ஆஸ்பத்திரி என்ற அந்தச் சங்கதி தமிழ்நாட்டுக்கு வந்தது 2012-ல். டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டரும் டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று, ஆஞ்சியோ வசதியுள்ள ஆஸ்பத்திரிகளை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளையும் 108 ஆம்புலன்ஸையும் அதோடு இணைத்தார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். தூரம் அதிகமென்றால் கட்டி கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டு, அப்புறம் அங்கே அனுப்புவார்கள். 2014 வரை 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017-ல் முடிவுகளை எழுதினார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2-ஆகக் குறைந்தார்கள். எண்ணைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று கேட்கும் மாணவர்களுக்கு: நூறு பேரில் மூணு பேர் கூடுதலாகப் பிழைப்பது என்றால், என் பிராக்டிஸ் காலத்தில் எத்தனை முகங்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியும்.

ஹார்ட் செய்த வேலைக்கு நம் ஊர்ப் பதிப்பு 2021 ஆகஸ்டில் வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதற்குப் பின் 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும், நெஞ்சுவலியோடு வந்து மாரடைப்பு என்று சந்தேகம் இருந்தால், மேலே அனுப்பும் முன் 14 மாத்திரை. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நாலு, அடோர்வாஸ்டாடின் எட்டு. ரத்தக் கசிவு, அலர்ஜி எல்லாம் விசாரித்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பதை இளைய டாக்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குச் சும்மா போயிருந்தேன். டூட்டியில் இருந்த பெண் டாக்டர் நம் கல்லூரிதான், எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஜூனியர். அந்த மாத்திரைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "டிராயரிலதான் சார், கைக்கெட்டுற மாதிரி" என்று திறந்து காட்டினார். சின்னக் கவர்களில் பதினாலு பதினாலாகப் போட்டு, ஸ்டேபிள் அடித்து, மேலே பேனாவால் தேதி எழுதி வைத்திருந்தார். அந்த மாதம் எத்தனை கவர் போயிற்று என்று கேட்டேன். மூணு என்றார். "ஒருத்தர் நேத்து வந்து, ஸ்டென்ட் வச்சாச்சு மேடம், எப்ப மில்லுக்குப் போகலாம்னு கேட்டார் சார்."